புதிய பதிப்பு இலவசம்

தெர்மாகோல் அட்டைகள் ஒன்றோடொன்று உரசும்போது பல் கூசுமே, அந்தச் சத்தத்தோடுதான் எங்கள் குவார்ட்டர்ஸுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. நான் அப்போது ஆறாம் வகுப்பு. நெய்வேலி மெயின் பஜாரில் கடை வைத்திருந்த அன்வர் பாய் பெட்டிகளைத் தாமே கொண்டுவந்து பிரிக்க, உள்ளே இருந்தவற்றை நான் ரஃப் நோட்டில் வரிசை எண் போட்டு எழுதினேன். மானிட்டர், கீபோர்டு, மவுஸ், ஒயர்கள் மூன்று, கடைசியாக ஓர் இளஞ்சிவப்புக் கூப்பன்.

அந்தக் கூப்பனில்தான் எனக்குக் கண். கம்ப்யூட்டரை இயக்கும் மென்பொருளின் அடுத்த பதிப்பு சில மாதங்களில் வரவிருந்தது. அதன் ஜன்னல்கள் கண்ணாடிபோல ஊடுருவித் தெரியும் என்று கூப்பனில் படம் போட்டிருந்தார்கள். எங்கள் கம்ப்யூட்டரில் இருந்ததோ பழைய பதிப்பு. வாங்கிய அன்றே பழசாகிப்போன ஒரு பொருளை வைத்துக்கொண்டு வகுப்பில் எப்படிப் பெருமை பேசுவது என்பது என் கவலை.

"பழைய ஆளுங்கதான் காசு குடுத்து வாங்கணும் சார். இந்த மாசம் புதுசா வாங்குறவங்களுக்கு ஃப்ரீ. கூப்பனோட பில் ஜெராக்ஸ் வச்சு, கடைசி தேதிக்குள்ள போஸ்ட்ல போட்டுருங்க, சிடி வூடு தேடி வரும்" என்றார் பாய்.

மேல்வீட்டு ஜோசப் அங்கிள் திருநெல்வேலிக்காரர், எதையும் நம்பாதவர். "சும்மா எவன்வே குடுப்பான்? இன்னைக்குத் தாரேம்பான், நாளைக்குத் துட்டக் கேப்பான்" என்று படியில் நின்றபடியே தீர்ப்புச் சொன்னார். அப்பா அசரவில்லை. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "எங்களுக்கு ஃப்ரீ" என்று சொல்லிவைத்தார்.

தபாலில் போடுவது ஐந்து நிமிட வேலை. ஆனால் அப்பா நிலக்கரி மைன்ஸில், கரியைக் கொண்டுபோகும் பெல்ட் பிரிவில் இருபது வருடம் வேலை பார்த்தவர். சேஃப்டி ஷூவோ, ஒழுகும் குழாயோ, தங்கை கல்யாணத்துக்கு லீவோ, எதுவானாலும் மனு எழுதி, "த்ரூ ப்ராப்பர் சேனல்" என்று மேலே குறித்து, அதிகாரி கையெழுத்தோடு அனுப்பித்தான் அவருக்குப் பழக்கம். போதாக்குறைக்கு, கம்ப்யூட்டர் வாங்கியது கம்பெனி கொடுத்த கடனில். கடன் முடியும்வரை பொருள் கம்பெனிக்கும் சொந்தம், அதனால் கடிதமும் ஆபீஸ் வழியாகப் போவதுதான் முறை என்று அவர் முடிவு கட்டினார். வெள்ளைத்தாளில் மனு எழுதி, கூப்பனைக் குண்டூசியால் குத்தி, உறையின் மேல் அனுப்புநர் இடத்தில் எங்கள் பிளாக், தெரு, குவார்ட்டர்ஸ் எண்ணை அழகான கையெழுத்தில் எழுதி, மைன்ஸ் ஆபீஸில் கொடுத்துவிட்டு வந்தார். அன்று அவர் முகத்தில் இருந்த திருப்தி, எனக்கு முதல் ரேங்க் வந்தபோதுகூட இருந்ததில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை காலை, ஆபீஸ் அட்டெண்டர் செல்வம் மாமா சைக்கிளை கேட்டில் சாய்த்துவிட்டு அதே உறையை என் கையில் கொடுத்தார். கையெழுத்துப் போட வேண்டிய எஞ்சினியர் லீவில் போயிருக்கிறார், உறை அவர் மேசைத் தட்டிலேயே கிடந்திருக்கிறது. திரும்பி வந்தவர் மனுவின் ஓரத்தில் சிவப்பு மையால், "இது இந்த அலுவலகம் சம்பந்தப்பட்டதல்ல" என்று எழுதித் திருப்பிவிட்டார். கூப்பனைப் பார்த்தேன். கடைசித் தேதி போய் நான்கு நாளாகியிருந்தது.

அப்பா முதல் ஷிஃப்டில் இருந்தார், அம்மா ரேஷன் கடையில். சிடி வராது என்பது முதலில் வலித்தது. ஆனால் ஜோசப் அங்கிள் படியில் நின்று சிரிப்பதையும், அப்பா தலையைக் குனிந்துகொள்வதையும் நினைத்துப் பார்த்ததும் அந்த வலி எங்கோ போய்விட்டது. உறையை அட்லஸுக்குள் வைத்து, அட்லஸைப் பழைய புத்தகங்களுக்கு அடியில் செருகினேன்.

அதன்பிறகு தினமும் அப்பா கேட்பார், "சிடி வந்துச்சா பாப்பா?" இல்லையென்பேன். "வந்துகினு இருக்கும்" என்பார். முதல் ஷிஃப்ட் வாரங்களில் நான் பள்ளிவிட்டு வரும்போது, குளித்து, பனியனோடு கேட்டருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். நானும் படியில் உட்காருவேன். எந்தத் தெருவில் எத்தனை மாமரம், எந்த வீட்டு நாய் யாரைக் கண்டால் குரைக்கும், பெல்ட் அறுந்தால் முதலில் எந்தச் சுவிட்சை அணைக்க வேண்டும் என்று ஏதேதோ பேசுவோம். தபால்காரர் போலச் சிவப்பு சைக்கிளில் யார் திரும்பினாலும் அப்பா பேச்சை நிறுத்திப் பார்ப்பார். அப்படியே கோடை விடுமுறை வரை ஓடியது. பிறகு மேல்வகுப்பு, டியூஷன், ஹாஸ்டல் என்று நான் கேட் பக்கம் உட்காரவே இல்லை.

இன்று சென்னையில் எனக்கு மென்பொருள் வேலை. அப்பா ஓய்வுபெற்று, குவார்ட்டர்ஸைக் கம்பெனியிடம் ஒப்படைத்துவிட்டு, பக்கத்து ஊரான வடக்குத்தில் வீடு கட்டிக் குடியேறிவிட்டார். போன பொங்கலுக்குப் போயிருந்தபோது, கரும்பு கடித்துக்கொண்டே, உறையை ஒளித்துவைத்த கதையை ஒருவழியாக அவரிடம் சொன்னேன்.

"தெரியுமே" என்றார் அப்பா. "அன்னிக்கே செல்வம் சொல்லிட்டான், பாப்பாகிட்ட குடுத்துட்டேன்னு. நீ சொல்லுவேன்னு பாத்தேன். சொல்லல. சரி, நமக்காகப் புள்ள மறைக்குது, நாமளும் காத்துகினு இருப்போம்னு உட்டுட்டேன்."

அம்மா சக்கையைப் போட முறத்தை நகர்த்தி வைத்தாள்.

திரும்பும் வழியில் பழைய பிளாக்கைப் பார்க்கப் போனேன். எங்கள் வரிசையில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. எங்கள் கேட் இருந்த இடத்தில் இரண்டு சிமெண்டுத் தூண்கள் மட்டும் நின்றன. இப்போது புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்குகிறவர் யாரும், அடுத்த பதிப்புக்குக் காசா, ஃப்ரீயா என்று என்னிடம் கேட்பதில்லை. என் மடிக்கணினியிலும் அறிவிப்பு வரும், சம்மதம் என்று அழுத்துவேன். ஒரு காபி குடித்து முடிப்பதற்குள் புதிய பதிப்பு வந்து சேர்ந்துவிடும். யாரோடும் உட்கார்ந்து வழிபார்க்க அதற்குள் நேரமே இருப்பதில்லை.