மிக்தாலியா போடாத அடி

கடலோர ஊரான லோயிசாவில், மிக்தாலியாவின் பொம்பா நடன வகுப்புக்கு வருகிறவர்கள் முதல் வாரமே திட்டு வாங்கிவிடுவார்கள். மீன் விற்கிறவளோ பல் டாக்டரோ, எல்லாருக்கும் ஒரே திட்டுதான். மேளம் என்ன சொல்கிறது என்று பார்த்துக்கொண்டு நிற்காதே, நீ பாவாடையை உதறு, அது வாயைத் திறக்கட்டும் என்பாள். பொம்பாவில் ஆடுகிறவர் வைத்ததுதான் சட்டம். மற்ற மேளங்கள் தாளத்தைப் பிடித்துக்கொண்டிருக்க, முன்மேளக்காரன் ஆடுகிறவரையே பார்த்து, தோள் அசைந்தாலும் கால் அசைந்தாலும் அடி கொடுக்க வேண்டும். தவறவிட்டால் மானம் போய்விடும்.

அந்த முன்மேளம் அவள் கணவனின் தம்பி போலோவுடையது. களத்தில் இருவரும் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்ததே கிடையாது. அதைப் பார்க்கத்தான் கூட்டம் வரும்.

போன வருஷம் அவளுக்கு முழங்காலில் ஆபரேஷன். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடியே வகுப்பு எடுத்தாள். வாய் மட்டும் குறையவில்லை. ஒருவழியாக எழுந்து ஆடிய முதல் நாள், ஓங்கி மிதிக்கப் போனவளை முட்டி பாதியில் நிறுத்திவிட்டது. மேளம் மட்டும் கணீரென்று முழங்கியது. அவள் போடாத அடிக்கு போலோ பதில் சொல்லியிருந்தான்! ஒன்றும் தெரியாத வகுப்பு கைதட்டியது. அவள் வீட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். கீழே விழுந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. பாவம் பார்த்து அடிக்கிற மேளத்துக்கு ஆடுவதும் ரேடியோவுக்கு ஆடுவதும் ஒன்றுதானே.

அவனிடம் கேட்க மனம் வரவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஊர் விழாவிலும் அவன் அப்படியே செய்தால் ஆட்டத்துக்கு முழுக்குப் போட்டுவிடுவது என்று முடிவு செய்தாள். நர்ஸ் வேலை பார்க்கும் யாய்ராதான் அவளிடம் படித்தவர்களில் கெட்டிக்காரி. அவளைக் கூப்பிட்டு, வகுப்பை எடுத்துக்கொள்ளத் தயாராக இரு என்று சொல்லி வைத்தாள்.

ஞாயிறு மாலை, நண்டு வடை பொரிகிற எண்ணெய்ப் புகைக்கு நடுவே கூட்டம் வட்டம் கட்டி நின்றது. மிக்தாலியா உள்ளே போய் முன்மேளத்தை வணங்கினாள். போலோவின் முகம் நோயாளியைப் பார்க்க வந்தவன் முகம்போல் இருந்தது.

தோளை வெட்டினாள், அடி விழுந்தது. பாவாடையை இடப்பக்கம் வீசினாள், அடி விழுந்தது. அடுத்தது அவளுடைய பேர்போன மிதி என்பது லோயிசாவில் குழந்தைக்கும் தெரியும். பாவாடையை இரண்டு கையாலும் தூக்கினாள். மிதிக்கவில்லை. அப்படியே அசையாமல் நின்றாள்.

முன்மேளம் வாயடைத்துப் போனது. பாவம் பார்க்கிறவனாக இருந்தால் இந்நேரம் அடித்திருப்பான். போலோவோ ஓங்கிய கையோடு, வியர்த்து வழிய, அவளை முறைத்துக்கொண்டிருந்தான். அவள் மோவாயை மட்டும் நிமிர்த்தினாள். டக். முழங்கையை வெடுக்கென்று மடக்கினாள். டக். அப்பாடா என்று நெஞ்சிலிருந்து பாரம் இறங்க, வாய்விட்டுச் சிரித்தாள். அப்புறம் முட்டியைத் தொந்தரவு செய்யாமல், தோளாலும் பாவாடை நுனியாலும் அவனை ஓட ஓட விரட்டிவிட்டுத்தான் வணங்கி வெளியே வந்தாள்.

போலோ கையை உதறிக்கொண்டே வந்தான்.

"இப்படியா அண்ணி மனுஷனைக் கொல்லுவீங்க? கை அந்தரத்துல தொங்குது."

"அன்னிக்கு வகுப்புல நான் மிதிக்கவே இல்ல. எதுக்குடா அடிச்ச?"

அவன் தலையைச் சொறிந்தான். "நீங்க தடுமாறினீங்களா, விழுந்துடுவீங்களோன்னு பயந்து கண்ணை மூடிட்டேன். வழக்கமா அந்த இடத்துல மிதிப்பீங்கல்ல, குத்துமதிப்பா அடிச்சுட்டேன். தப்புன்னு தெரிஞ்சுது. வெக்கத்துல சொல்லல."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. இதற்குத்தானா இத்தனை நாள் தூக்கம் கெட்டது? அவன் மண்டையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தாள்.

யாய்ரா தயங்கித் தயங்கி வந்து, செவ்வாய்க்கிழமை வகுப்பில் எதிலிருந்து தொடங்கட்டும் என்று கேட்டாள்.

"நேரத்துக்கு வர்றதுலேருந்து தொடங்கு," என்றாள் மிக்தாலியா. "வந்து என் முன்னால நில்லு. உன் வலது தோள் இன்னும் தூங்குது."