வரைபடத்தில் இரண்டாவது அம்பு

கட்டட வடிவமைப்பு என்பது, கட்டுகிறவரும் குடியிருக்கிறவரும் பிற்பாடு ஒருவரையொருவர் திட்டிக்கொள்ளாமல் இருக்க, முன்கூட்டியே பேப்பரைத் திட்டித் தீர்க்கிற தொழில். மேஸ்திரி மனம்போல் போட்டுக்கொடுத்த சமையலறையில் வேகிற சகோதரிகளே, அந்தத் தொழிலை நான் ஒரு வருஷம் படித்தேன். அப்போது எண்பதுகளின் தொடக்கம், எனக்கு நாற்பத்தொரு வயது. கான்வென்ட் காலேஜில் வாங்கிய சரித்திர பி.ஏ., பீரோவில் பூச்சி உருண்டைகளோடு படுத்துக்கிடந்தது.

ஆம்பூரில் எங்கள் வீட்டுச் சமையலறை சரியில்லை என்று பதினெட்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர், தோல் பதனிடுகிற டேனரியில் சாயம் பார்க்கிறவர். ஒருநாள் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல், எது சரியில்லை என்று வரைந்து காட்டு, விஷயம் தெரிந்த நாலு பேர் ஒத்துக்கொண்டால் சுவரை இடிக்கிறேன் என்றார். வேறு பாடத்தில் பட்டம் வாங்கியவர்களுக்காக வேலூரில் சனிக்கிழமைதோறும் ஒரு வடிவமைப்பு வகுப்பு நடந்தது. அந்த வாரமே போய்ச் சேர்ந்தேன். கோபத்தில் நான் செய்த காரியங்களில் உருப்பட்டது இது ஒன்றுதான்.

ஸ்டுடியோ

வகுப்பறைக்கு அங்கே ஸ்டுடியோ என்று பெயர். பேப்பரை மேஜையில் ஒட்டி, நின்றபடி வரைய வேண்டும். நளினி மிஸ் மேஜை மேஜையாக வந்து தப்பு சொல்வார். மிஸ்ஸுக்கு இருபத்தாறு வயது. பழைய பழக்கத்தில் நான் "குட்மார்னிங் மிஸ்" என்று ராகம் போட்டு இழுக்க, அந்தப் பெண் வெட்கத்தில் சாக்பீஸைக் கீழே போட்டுவிட்டாள்.

பக்கத்து வீட்டு ஷமீமிடம், சனிக்கிழமை ஸ்டுடியோவுக்குப் போகிறேன் என்று பெருமையடித்தேன். எங்கள் ஊரில் ஸ்டுடியோ என்றால் பஜாரில் திரை கட்டிப் படம் எடுக்கிற கடைதான். அடுத்த வாரம் அவள் தன் மகளுக்குத் தலைவாரி, பவுடர் போட்டு, என் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாள். "மாப்பிள வூட்டுக்கு அனுப்பணும்க்கா. நீங்களே நல்லா ஒண்ணு புடிச்சுக் குடுங்க. மூக்கு மட்டும் கொஞ்சம் கம்மியா வரட்டும்."

பஸ்ஸில் சிலுவை

டி-ஸ்கொயர் என்பது நேர்கோடு போட உதவும் மூன்றரை அடி நீளக் கட்டை. ஒரு முனையில் குறுக்காக இன்னொரு கட்டை இருக்கும். வேலூர் பஸ்ஸில் அதை எப்படிப் பிடித்தாலும் யாராவது ஒருவர் விலாவில் இடிக்கும். அது ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம், நான் வெள்ளைப் புடவையில் இருந்தேன். மாதனூரில் ஒரு பெரியவர் எழுந்து எனக்கு இடம் கொடுத்தார். சும்மா கிடைத்த இடத்துக்குக் காரணம் கேட்கிற பழக்கம் எனக்கில்லை, உட்கார்ந்துவிட்டேன். எதிர் சீட்டு அம்மாள் என்னைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டபோதும் உறைக்கவில்லை. பள்ளிகொண்டாவில் கண்டக்டர் வந்தபோதுதான் விளங்கியது. "சிஸ்டர், சிலுவைய நேராத் தூக்கிப் புடிங்க. ஜனங்க கண்ணக் குத்திடப் போவுது."

இல்லாத ஜன்னல்

முதல் பயிற்சி: வீட்டில் நன்றாகப் பழகிய அறை ஒன்றை ஞாபகத்திலிருந்து வரைய வேண்டும். மற்றவர்கள் பென்சில் சீவி முடிப்பதற்குள் நான் சமையலறையை முடித்துவிட்டேன். அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, அலமாரி, அடுப்புக்கு எதிர்ச் சுவரில் ஜன்னல். வீட்டுக்குப் போய் டேப் வைத்து அளந்து சரிபார்த்து வாருங்கள் என்றார் மிஸ். என் கோட்டிலா தப்பு இருக்கும் என்று முணுமுணுத்துக்கொண்டே போனேன்.

இரண்டு தப்பு இருந்தது. இத்தனை வருஷம் குறுகல் என்று நான் புலம்பிய அறை, நான் வரைந்ததைவிட இரண்டடி நீளம். அடுத்தது ஜன்னல். அப்படி ஒன்று இல்லவே இல்லை. அந்த இடத்தில் கோயில் காலண்டர் தொங்கிக்கொண்டிருந்தது. பகல் பதினொரு மணிக்கு பல்பைப் போட்டுக்கொண்டு அரிசியில் கல் பொறுக்குகிற என் சமையலறைக்குக் குறை இடமல்ல, வெளிச்சம். அது தெரிய எனக்கு ஒரு பென்சில் தேவைப்பட்டிருக்கிறது. மறுவாரம் ரப்பரை எடுத்து அந்த ஜன்னலை அழிக்கப் போனேன். மிஸ் கையைப் பிடித்துக்கொண்டார். "அழிக்காதீங்க மேடம். உங்க முதல் டிசைன் அதுதான்."

இரண்டாவது அம்பு

அந்தச் சுவரில் மேஸ்திரி ஜன்னல் வைக்காததற்குக் காரணம் உண்டு. சுவருக்குப் பின்னால் காலி மனை, அதற்கும் பின்னால் டேனரி. பிற்பகலில் காற்று திரும்பினால் ஊறவைத்த தோலின் வாடை நேராக எங்கள் சுவரில் வந்து முட்டும். வரைபடம் என்றால் வடக்கைக் காட்ட ஓர் அம்பு போட வேண்டும். போட்டேன். கூடவே டேனரியிலிருந்து என் சுவருக்குச் சிவப்பு மையில் தடியாக இன்னோர் அம்பு போட்டு, 'நாற்றம், மூன்று மணிக்கு மேல்' என்று எழுதினேன். வகுப்பே சிரித்தது.

மிஸ் சிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி ஆம்பூருக்கே வந்தார். மூன்று மணிக்கு என் சுவருக்குப் பின்னால் போய் நின்றார். மூன்று பத்துக்கு மூக்கில் முந்தானையோடு உள்ளே வந்து தண்ணீர் கேட்டார். "வடக்கு எங்கயும் ஓடிப்போகாது மேடம். இனிமே இதை முதல்ல போடுங்க."

கன்னியம்மாவின் குச்சி

திறந்தால் நாற்றம், மூடினால் இருட்டு. எட்டு பேப்பர் கிழித்தேன். பக்கத்தில் இருக்கிற கட்டடங்கள் காற்றை எப்படிச் சமாளிக்கின்றன என்று பாருங்கள் என்றார் மிஸ். பக்கத்தில் இருந்தது டேனரி ஒன்றுதான். தினமும் திட்டியிருக்கிறேனே தவிர, உள்ளே கால் வைத்ததில்லை.

வீட்டுக்காரர் தோல் காயப்போடும் மாடிக்கு அழைத்துப்போனார். அங்கே சுவருக்குப் பதில் நாலு பக்கமும் சாய்வான மரப்பலகை வரிசைகள். அங்கே வேலை செய்யும் கன்னியம்மா ஒரு குச்சியை இழுக்க, ஒரு வரிசை முழுக்கப் படுத்துக்கொண்டது. காற்று நின்றது. வெளிச்சம் மட்டும் இடுக்குகளில் கோடுகோடாக வந்துகொண்டிருந்தது. வெயில் நேராக விழுந்தால் தோல் விறைத்துவிடுமாம். எவ்வளவு திறக்க வேண்டும் என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "தோலு சொல்லும்மா. உங்க வூட்டு அடுப்புல தீ ஜாஸ்தியா கம்மியான்னு யாரு வந்து சொல்றாங்க?"

நாலு பேர்

வருஷக் கடைசியில் எங்கள் வரைபடங்களைப் பார்க்க வெளியிலிருந்து நாலு பேர் வந்தார்கள். என் சுவர் இடிவதும் இடியாததும் இவர்கள் கையில். டேனரி மாடியிலிருந்து சுட்டு என் சுவரில் நான் வரைந்திருந்த பலகை ஜன்னலைப் பார்த்து மூன்று பேர் தலையாட்டினார்கள். நாலாமவர் மெட்ராஸ்காரர். காற்று வருகிற திசையில் போய்ப் பலகையா, அகலமாகக் கண்ணாடி ஜன்னல் வையுங்கள், அதென்ன சிவப்பு அம்பு, அலங்காரமா என்றார். பதில் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அது வெளியே வந்திருந்தால் சுவர் அப்படியே நின்றிருக்கும். அவர் முதுகுக்குப் பின்னால் மிஸ் வாயில் விரலை வைத்துக் கெஞ்சினார். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பேசாமல் இருந்தேன்.

அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர், டேனரியிலிருந்து போட்ட சட்டையோடு பஸ் ஏறி வந்தவர், படத்தைக் கிட்டே பார்க்கும் ஆசையில் மெட்ராஸ்காரரை உரசிக்கொண்டு நின்றார். மெட்ராஸ்காரர் பேச்சு பாதியில் நின்றது. கைக்குட்டை வெளியே வந்தது. வீட்டுக்காரரைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். "ஓ, ரெண்டாவது அம்பு சார்தானா? அப்ப பலகையே இருக்கட்டும்."

முதல் வாடிக்கை

வீட்டுக்காரர் சொன்ன சொல் தவறவில்லை. டேனரி மாடியில் பழுது பார்த்தபோது கழித்துப்போட்ட பலகைகளை அனுமதி கேட்டு எடுத்துவந்து, அவரே கூட நின்று பொருத்தினார். பகல் வெளிச்சத்தில் போட்ட முதல் டீயை மிஸ்ஸுக்குக் கொடுத்தேன். நன்றி சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வெளியே வந்தது, பின்னல் அவிழ்ந்திருக்கிறது, தலையைக்கூட ஒழுங்காக வாராமல் ஊர் சுற்றுகிறாயே என்பது. மிஸ் டீயைக் குடித்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்து பின்னலைக் காட்டினார். பின்னிவிட்டேன்.

சத்தம் கேட்டு வந்த ஷமீம் ஜன்னல் குச்சியை மேலும் கீழும் ஐந்து தடவை இழுத்துப் பார்த்தாள். "எங்க வூட்டுக்கும் இதே மாதிரி ஒண்ணு வரைஞ்சு குடுங்கக்கா. போட்டோவ வுட்டுடுங்க, அது உங்களுக்கு வராது."

இவ்வளவு படித்தும் பால் பொங்கி வழிவதை என்னால் நிறுத்த முடியவில்லை என்றாலும், அது வழிவதை விளக்குப் போடாமலே பார்த்துத் திட்ட முடிகிறதே, அதற்காக மிஸ்ஸுக்கும் கன்னியம்மாவுக்கும் அன்றைக்குச் சட்டை மாற்றாமல் வந்த என் வீட்டுக்காரருக்கும் நான் கடன்பட்டவள்.