வெள்ளிதோறும் அழியும் முகம்: லா சப்பலில் கந்தப்பரின் ஓவியம்

உலகெங்கும் பயணம் போகும் தமிழன்பர்களே! மூட்டை கட்டும் கையைச் சற்று நிறுத்தி இதைக் கேளுங்கள். நம் ஓவியர் ஒருவரின் எஞ்சிய படைப்பை நாமே வாரந்தோறும் துடைத்து அழித்துக்கொண்டிருக்கிறோம். கொள்ளையடித்தவரும் இல்லை, தீ வைத்தவரும் இல்லை. அழிப்பது அன்பு. இதுவே என் முறையீடு. ஊர் சுற்றிய மகிழ்ச்சியோடு இந்தக் கட்டுரையை எழுத இயலாமற்போனதற்கும் இதுவே காரணம்.

கடந்த நவம்பரில் பாரிசில் ஒரு தமிழ் விழாவில் பேச அழைத்திருந்தார்கள். உரை ஒரு நாள். எஞ்சிய நாள்களை ஓவியர் யோசுவா கந்தப்பருக்கென ஒதுக்கினேன். என் பதிவுகளைப் படிக்கும் அன்பர் ஒருவர், பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் ஒரு கடைக்குள் எடுத்த ஒளிப்படத்தை முன்பே அனுப்பியிருந்தார். மாலைக்கும் ஊதுவத்திப் புகைக்கும் நடுவே ஒரு தலைப்பாகைக்காரர். அவர் தோளில் கிடந்த சால்வைக் கரையின் மடிப்பில், பூவேலை போலத் தோன்றும் இரண்டு எழுத்துகள்: யோ.க. பெரிதாக்கிப் பார்த்தேன்; கந்தப்பரின் பெயரெழுத்துகளேதான்.

கந்தப்பரை அறியாதோர்க்குச் சில வரிகள். விக்டோரியா அரசியின் ஆட்சி இலங்கையில் ஓங்கியிருந்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். கொழும்பில் ஆங்கில உருவப்பட ஓவியர் ஒருவரிடம் வண்ணம் அரைக்கச் சேர்ந்தார். நீதிபதிகளின் அங்கி, தோட்ட முதலாளிகளின் விரல்கள், சீமாட்டிகளின் சரிகை எல்லாவற்றையும் இவர் தீட்டினார்; முகத்தை மட்டும் ஆசான் தீட்டிக் கையொப்பமும் இட்டுக்கொண்டார். பின்பு ஊர் திரும்பித் தனித்தொழில் தொடங்கியபோது முதலியார் பட்டம் பெற்ற அதிகாரிகளும் வணிகர்களும் இவர்முன் அமர்ந்தார்கள். அந்த வாழ்வு நெடுநாள் நிலைக்கவில்லை. ஒளிப்படக் கருவி வந்தது. உயிரோடிருந்தோர் எல்லாரும் அதன்முன் போய் நின்றார்கள்.

கந்தப்பருக்கு எஞ்சியோர் இறந்தோர். ஒரு படமும் எடுத்துக்கொள்ளாமல் மறைந்தவரின் வீட்டுக்குப் போவார். மனைவியும் மக்களும் சொல்லச் சொல்ல, உடன்பிறந்தாரின் சாடையைப் பார்த்துப் பார்த்து, தாம் காணாத முகத்தை வரைவார். அத்தகைய படங்களில் பெயரெழுத்துக்குக் கீழே ‘சொல்லக் கேட்டு வரைந்தது’ என்று எழுதுவார். கடைசிக் காலத்தில் புதுச்சேரிக்குப் போனார் என்பதுவரை அறிவோம். கல்லறை எங்கே என்று அறியோம். யாழ்ப்பாணத் தேவாலயம் ஒன்றில் கறையான் அரித்த படம் ஒன்று இருந்தது. அதுவும் இப்போது இல்லை.

வானூர்தி நிலையத்திலிருந்து பாரிசு வட நிலையத்துக்குத் தொடர்வண்டியில் பதின்மூன்று யூரோ, ஏறக்குறைய முப்பத்தைந்து நிமிடம். அங்கிருந்து லா சப்பலுக்கு நடந்தே போகலாம். பெட்டி கனமில்லாவிட்டால் பத்து நிமிடம் போதும். தலைக்கு மேலே இரும்புப் பாலத்தில் தொடர்வண்டி கடகடக்கிறது. கீழே முருங்கைக்காயும் கருவாடும் தங்க நகையும் அடுத்தடுத்த கடைகளில். நான் போன நாளில் காலையிலிருந்தே தூறல். மாலை ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிட்டது. வாழைக்குலைகளுக்குக் கீழே தண்ணீர் தேங்கி நின்றது.

அந்தப் பலசரக்குக் கடையின் உரிமையாளர் சிவநேசன், அறுபதை நெருங்குபவர். காசு வாங்கும் மேசைக்கு மேலே படம் தொங்கியது. அருகே போய் அண்ணாந்து பார்த்தேன். கன்னமும் மீசையும் இன்னும் உயிரோடு இருந்தன. நெற்றி இல்லை. வண்ணம் முழுக்கப் போய்த் துணியின் இழை தெரிந்தது. இடப்புருவம் பாதி. அந்த வெறுந்துணியின்மேல் புதுச் சந்தனமும் குங்குமமும்.

நான் உரத்த குரலில் ஓவியரின் பெருமையை எடுத்துரைக்கத் தொடங்கினேன். வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்து பார்த்தார்.

“சிவநேசன் அண்ணை, தமிழ்நாட்டிலையிருந்து ஆள் வந்திருக்கு. உங்கடை அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகப் போறாராம்.”

கடையில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். சிவநேசன் சிரிக்கவில்லை. “ஐயா, இது மேடையில்லை, கடை. ஆறுதலா, மெள்ளச் சொல்லுங்கோ” என்று எனக்கொரு முக்காலியைக் காட்டினார்.

தம் கதையை அவர் தேநீர் ஊற்றிக்கொண்டே சொன்னார். போர்க்காலத்தில் ஊரோடு இடம்பெயர்ந்தபோது, பூட்டிய வீட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மிதிவண்டியில் போன தந்தை திரும்பவில்லை. ஒளிப்படங்கள் எல்லாம் அந்த வீட்டுக்குள் இருந்தன. வீடும் பிறகு இல்லை. பாரிசுக்கு வந்து பல்லாண்டு கழித்து, நகர்ப்புறத்துப் பழம்பொருள் சந்தையில் நாற்காலிகளுக்கு நடுவே இந்தப் படம் கிடந்தது. தந்தையின் மூக்கு, தந்தையின் மீசை, தந்தையின் பார்வை. வாங்கிவந்து மாட்டினார். தந்தை போன நாள் அவருக்குத் தெரியும். இறந்த நாள் தெரியாது. ஆகவே ஆண்டுக்கொரு திவசம் செய்ய வழியில்லாமல், ஒவ்வொரு வெள்ளியும் ஈரத்துணியால் முகத்தைத் துடைத்துப் பொட்டிட்டுப் பூ வைக்கிறார். கண்ணாடி போட்ட ஒளிப்படத்தைத் துடைத்துப் பழகிய நம் கை, கண்ணாடியில்லாத எண்ணெய் வண்ணத்தையும் அப்படியே துடைத்துவிட்டது.

மறுநாள் ஒபர்வில்லியேக்குப் போனேன். லா சப்பலிலிருந்து பத்து நிமிட நடை, பிறகு பன்னிரண்டாம் தடத்து நிலத்தடி வண்டி, சீட்டு இரண்டரை யூரோ. மொத்த வணிகக் கிடங்குகளுக்குப் பின்னால், பழைய ஓவியங்களைச் செப்பனிடும் ரொசாலி அம்மையாரின் பட்டறை இருக்கிறது. புதுச்சேரியில் பிறந்து இளமையிலேயே பிரான்சுக்கு வந்தவர். விழாவில் எனக்கு அறிமுகமானவர். அன்று மாலையே கருவிப்பெட்டியோடு கடைக்கு வந்தார்.

படத்தை இறக்கிக் கிடத்தி, விளக்கைச் சாய்த்துப் பிடித்து நெடுநேரம் பார்த்தார். சால்வைக் கரையைப் பஞ்சால் ஒற்றியபோது, பெயரெழுத்துக்குக் கீழே ‘சொல்லக் கேட்டு வரைந்தது’ என்று நான் எதிர்பார்த்த மூன்று சொற்களும் தெரிந்தன. அம்மையார் நெற்றியைக் காட்டி, “மிசியே, நீங்க தொடைக்கத் தொடைக்க இவரு போயிட்டே இருக்காரு” என்று சிவநேசனிடம் சொன்னார்.

சிவநேசன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அம்மையார் தொடர்ந்து சொன்னவை இவை: வண்ணம் கண் ஓரத்திலும் பெயர்ந்து நிற்கிறது, ஊதுவத்திப் புகையும் கடைச் சூடும் சேர்ந்தால் அதுவும் உதிரும், பட்டறையில் ஆறு மாதம் வைத்தால் எஞ்சியதைக் காப்பாற்றலாம், ஆனால் போன நெற்றியைத் தாம் வரையமாட்டார்.

“ஏன் மேடம்? அப்பாவின்ரை நெத்தி எனக்குத் தெரியும். ரெண்டு கோடு, இடப்பக்கம் ஒரு தழும்பு. நான் சொல்லுறன், நீங்கள் கீறுங்கோ.”

அன்பர்களே, கந்தப்பரின் தொழிலே அதுதானே! யாரோ ஒரு மகன் சொல்லச் சொல்ல அவர் வரைந்த முகத்துக்கு முன்னால், இன்னொரு மகன் சொல்லத் தயாராக நிற்கிறார். கந்தப்பர் இருந்திருந்தால் தூரிகையை எடுத்திருப்பார். ரொசாலி அம்மையார் எடுக்கவில்லை. தம் தொழிலின் அறம் அது என்றார். தாம் வரைந்தால் அது தாம் வரைந்த முகமாகிவிடும் என்றார். அவர் சொன்னது சரி. சிவநேசன் கேட்டதும் சரி. அந்த இரண்டுக்கும் நடுவில் நின்று நான் அந்த மூன்று சொற்களை வாசித்துக் காட்டினேன். கந்தப்பர் வேலை செய்த முறையையும் சொன்னேன்.

பட்டறைக்குக் கொடுங்கள் என்று நான் கேட்டபோது சிவநேசன் தலையசைத்து மறுத்தார்.

“வீட்டைப் பாத்திட்டு வாறன் எண்டு போனவர், ஐயா. இப்பதான் என்னோடை வந்து இருக்கிறார். திரும்பவும் போகச் சொல்லுறியளோ?”

அவர் ஒப்புக்கொண்டது இவ்வளவே: இனித் துடைப்பதில்லை, பொட்டில்லை, ஊதுவத்தி வாசற்பக்கம். உதிரும் வண்ணத்தைப் பிடித்து நிறுத்த, அம்மையார் மெல்லிய தாளைப் பசையில் நனைத்து நெற்றியிலும் இடக்கண்ணிலும் ஒட்டினார். கட்டுப்போட்ட முகத்தோடு தலைப்பாகைக்காரர் மீண்டும் சுவரேறினார். அந்தத் தாளும் சில மாதங்களே தாங்கும் என்று, தெருவுக்கு வந்தபின் அம்மையார் என்னிடம் சொன்னார். தூறல் அப்போதும் விடவில்லை.

போக விரும்புவோர்க்கு: வார நாளில், முற்பகல் பத்து மணிக்குமேல் போங்கள்; சனி, ஞாயிறுகளில் லா சப்பலில் கால் வைக்க இடமிராது. நவம்பரில் குடையும் கனத்த மேலாடையும் வேண்டும். சிவநேசனின் கடையைத் தேடாதீர்கள். அவர் காட்சிப்பொருள் அல்லர், அதனால்தான் முகவரியும் தரவில்லை. பழம்பொருள் சந்தைகளுக்குப் போங்கள். சால்வை மடிப்புகளையும் மோதிரங்களையும் புத்தக ஓரங்களையும் உற்றுப் பாருங்கள். கந்தப்பரின் வேறு படங்கள் பிரான்சில் இல்லை என்று யாரும் உறுதி கூற முடியாது.

ஆனால் அதற்குமுன் உங்கள் வீட்டுக்குள் போங்கள். வீட்டிலோ கோயிலிலோ மடத்திலோ கடையிலோ கண்ணாடியில்லாத பழைய வண்ணப்படம் மாலையோடு தொங்குகிறதா? இறக்குங்கள். முன்னும் பின்னும் படம்பிடியுங்கள். எடுத்ததை எனக்கு அனுப்புங்கள். பூவைப் படத்தின்மேல் சாத்தாமல் எதிரே வையுங்கள். அடுத்த வெள்ளிவரை காத்திருக்க வேண்டாம். கையிலிருக்கும் ஈரத்துணியை இப்போதே கீழே போடுங்கள்!