அயிரைக்கு ஒரு புள்ளி

எங்கள் ஆற்றில் அயிரை மீன் அருகிப்போய்விட்டது. அதைத் திரும்பப் பெருக்குவதற்காக ஒரு குழுவினர் இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி வரைபடம் ஒன்றைத் திறந்தார்கள். அயிரையைக் கண்ட இடத்தில் விரலால் தொட்டால் ஒரு புள்ளி விழும். ஆற்றிலிருந்து பிரியும் வாய்க்கால்களுக்கெல்லாம் அப்போது காங்கிரீட் போட்டுக்கொண்டிருந்தார்கள். புள்ளி விழுந்த வாய்க்காலில் மட்டும் அடியில் காங்கிரீட் போடாமல் மணலை அப்படியே விட்டுவிடுவதாக அந்த வேலையைப் பார்த்த பொறியாளர் ஒப்புக்கொண்டிருந்தார். அயிரைக்கு வீடும் மணல், சோறும் மணல். காமயகவுண்டன்பட்டிப் பக்கம் புள்ளி சேர்க்கும் வேலையை, போனை நன்றாக நோண்டுவான் என்ற ஒரே தகுதிக்காக என் தலையில் கட்டினார்கள்.

மீன் பிடிக்கிறவனிடம் போய் மீன் கிடக்கும் இடத்தைக் கேட்பதுபோல ஒரு மடத்தனம் கிடையாது. எங்கள் ஊரில் பெண்டாட்டியிடம்கூட அதைச் சொல்லமாட்டார்கள். ஆனால் கேட்டு வந்தவனை வெறுங்கையோடு அனுப்பவும் மாட்டார்கள். ஆளுக்கொரு புள்ளி வைத்தார்கள். கூடலூர்க்காரர் கம்பத்தில் வைத்தார், கம்பத்துக்காரர் கூடலூரில் வைத்தார். ஒருவர் தன் பங்காளியின் திராட்சைத் தோட்டத்து நடுவில் வைத்தார். இன்னொருவர் மலை உச்சியில். தண்ணீர் இல்லாத இடமெல்லாம் வரைபடத்தில் அயிரை துள்ளியது.

நிஜமாகவே அயிரை இருந்தது என் தாய்மாமாவின் வயலை ஒட்டிய வாய்க்கால் வளைவில். வெளியே சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். அங்கே மட்டும் புள்ளி இல்லை. காங்கிரீட் வேலை பக்கத்து மடை வரைக்கும் வந்துவிட்டது. நான் மாமாவிடம் ஓடினேன்.

“புள்ளி வைக்கலேன்னா சிமிண்டு வந்துரும் மாமா.”

“வச்சா ஊரே வந்துரும் மாப்ளே.”

கலவை இயந்திரத்தின் சத்தம் வயலில் கேட்கத் தொடங்கிய அன்று, மாமா கண்ணை மூடிக்கொண்டு விரலை நீட்டினார். நான் அதைப் பிடித்துப் போனில் அழுத்தினேன்.

மறுநாள் விடிந்ததும் கொசுவலை, பழைய சேலை, பானை சகிதமாக ஊரே வாய்க்காலில் நின்றது. சரிபார்க்க வந்த பொறியாளர், “மீன் எங்கே?” என்றார்.

“இங்கன இருக்கு சார்!” என்று ஆளாளுக்குப் பானையைத் தூக்கிக் காட்டினார்கள். அவரும் பானைகளைப் படம் எடுத்து, மீன் வாழிடம் உறுதியானது என்று பதிந்துவிட்டுப் போனார். காங்கிரீட் நின்றது. வாய்க்காலில் மருந்துக்குக்கூட ஓர் அயிரை இல்லை.

நல்லவேளை, அயிரையை உயிரோடு வைத்திருந்துதான் குழம்பில் போடுவார்கள். அடுப்பில் ஏறுவதற்குள் மாமா வீடு வீடாகப் போய், தன் வயலோரத்து மீனைத் தானே விலைக்கு வாங்கி வந்து வாய்க்காலில் ஊற்றினார். கடைசிப் பானையை ஊற்றும்போது அழுதுவிட்டார். பார்க்கச் சகிக்கவில்லை.

“அந்தப் புள்ளிய அழிச்சிரு மாப்ளே.”

“அழிச்சா சிமிண்டு வரும் மாமா.”

அன்றிலிருந்து கரையில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு அங்கேயே கிடக்கிறார். அத்தை சோற்றைத் தூக்குவாளியில் கொண்டுபோய்க் கொடுக்கிறார். வரைபடத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் ‘இவ்விடத்துக்கு என்ன பாதுகாப்பு?’ என்று ஒரு கட்டம் உண்டு. யாரும் அதை நிரப்புவதில்லை. மாமாவின் புள்ளியில் மட்டும் யாரோ எழுதியிருந்தார்கள்: “பெரியவரு ஒருத்தர் இருக்காக. கையில கம்பு இருக்கு.”