எட்டு முறை கப்பல் ஏறிய செங்கல்வராயன்

சாப்பிட உட்காருவதற்கு முன் செங்கல்வராயன் தோளில் கிடக்கும் துண்டை எடுத்துத் தண்ணீரில் நனைப்பார். சொட்டாத அளவுக்குப் பிழிந்து, நான்காக மடித்து, தரையில் விரித்து, அதன் மேல் தட்டை வைப்பார். பிறகு தட்டின் விளிம்பை ஒரு விரலால் தள்ளிப் பார்ப்பார். தட்டு நகராது. அப்புறம்தான் சோறு. கப்பல் ஆடும்போது தட்டு வழுக்கிக்கொண்டு ஓடாமல் இருக்கச் செய்கிற ஏற்பாடு இது. அவர் வீடு இருப்பதோ திருவள்ளூர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், மணவாள நகரில். கடல் அங்கிருந்து இருபத்தைந்து மைல்.

“ஏரியே வத்திக் கெடக்குது. இந்த ஆளுக்கு மட்டும் தரையில அலை அடிக்குது” என்பாள் அவர் மனைவி அங்காளம்மாள்.

செங்கல்வராயனுக்குக் கோபம் வராது. தன்னைக் கேலி செய்வதில் யாரும் தன்னை முந்திவிடக் கூடாது என்பதில் மட்டும் அவர் கவனமாக இருப்பார். “அலை இல்லாங்காட்டி இன்னா? அதான் நான் ஆடிக்கினு கீறேனே” என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைவார்.

பினாங்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில் இலை போட்டுப் பரிமாறுவது அவர் வேலை. ஐம்பத்தேழாம் வருஷம் கல்யாணம் ஆகாத இளைஞனாக முதல் தடவை கப்பல் ஏறினார். மூன்று நான்கு வருஷத்துக்கு ஒரு முறை லீவில் வந்து, சில மாதங்கள் இருந்து, மறுபடி போவார். போக நான்கு, வர நான்கு. ஆக எட்டுப் பயணம். எட்டும் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு போகிற டெக் டிக்கெட்டில். இந்தத் தடவை வந்து ஆறு மாதம் ஆகிவிட்டது. அங்கே தங்கி வேலை பார்க்க அவரிடம் ஒரு பெர்மிட் இருக்கிறது. ஆடி மாதம் இரண்டாவது வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு மெட்ராஸ் துறைமுகத்தை விட்டுப் புறப்படும் கப்பலை அவர் பிடித்தாக வேண்டும். விட்டால் பெர்மிட் காலாவதி. அதற்கப்புறம் பினாங்கை வரைபடத்தில்தான் பார்க்கலாம்.

ஸ்டேஷன் எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் அவரை யாராவது ஒருவர் கிளப்பிவிடுவார்கள். பெரும்பாலும் லாரி ஓட்டும் துளசிராமன். “இன்னா நைனா, கப்பல்ல இன்னிக்கி இன்னா நாஷ்டா?” என்று கேட்டுவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்துகொள்வார். மெட்ராஸ் ரயிலுக்குக் காத்திருக்கும் நாலு பேர் டீ கிளாசோடு நெருங்கி வருவார்கள்.

கப்பல் சாப்பாட்டைப் பற்றிச் செங்கல்வராயன் ஒரே தீர்ப்பைத்தான் எப்போதும் சொல்வார். “மொதோ நாளு சோறு நல்லாக் கீது, ஆனா சாப்ட முடியாது. ஆறாம் நாளு நல்லாச் சாப்ட முடியும், ஆனா சோறு நல்லா இல்ல.” எட்டுப் பயணத்திலும் முதல் இரண்டு நாள் வாந்தி எடுத்தவர் அவர். பழகப் பழகச் சரியாகிவிடும் என்று எல்லோரும் சொன்னார்களாம். பழகியது வாந்திக்குத்தானாம், எட்டாம் தடவை கப்பல் கிளம்புவதற்கு முன்பே வந்துவிட்டதாம். மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்ததும் அவர் தேடிப் போவது பண்டாரியை. கப்பல் சமையல்காரருக்கு அதுதான் பெயர். பண்டாரி அவரை அடையாளம் கண்டு, “மறுபடியும் நீயா?” என்று அலுத்துக்கொண்டு, அண்டாவின் அடியில் பிடித்த காந்தலைச் சுரண்டிக் கொஞ்சம் நெய் விட்டுக் கொடுப்பார். அடிக்கடி வரும் பிரயாணிக்கு அந்தக் கப்பல் கொடுத்த முதல் சலுகை அது.

ஆனால் கேலியெல்லாம் ஓய்ந்த பிறகு, கிளாசைத் திருப்பிக் கொடுக்கும்போது, ஒரு தடவை மட்டும் வேறு மாதிரி சொன்னார். “வருசம் முச்சூடும் நான் அடுத்தவனுக்குப் போடறேன். அந்த ஆறு நாளு எனக்கு ஒருத்தன் வந்து போடறான் பாரு. கல்லு மாதிரி சோறுன்னாலும் எறங்கும்.”

கேளிக்கைகளைப் பற்றியும் அவருக்கு அபிப்பிராயம் உண்டு. கப்பலில் இரண்டு தடவையாவது சினிமா காட்டுவார்கள். வெள்ளைத் துணியை நடுவில் கட்டி, முதல் வகுப்புக்காரர்களுக்கு ஒரு பக்கம் நாற்காலி போட்டுவிடுவார்கள். டெக் பிரயாணிகள் துணிக்குப் பின்பக்கம் தரையில் உட்கார வேண்டும். படம் பின்பக்கமும் தெரியும். ஆனால் இடம் வலமாகத் தெரியும். செங்கல்வராயன் கப்பலில் ஒரு சண்டைப் படத்தை ஐந்து தடவை பார்த்தார். கதாநாயகன் இடக்கையால் கத்தி சுழற்றுகிறவன் என்று மனதில் பதிந்து போயிற்று. ஒரு லீவில் திருவள்ளூர் கொட்டகையில் அதே படம் வந்தது. கதாநாயகன் வலக்கையில் கத்தியை எடுத்ததும் இவர் எழுந்து நின்றுவிட்டார். ரீலை மாற்றிப் போட்டுவிட்டான் என்று சத்தம் போட்டு, ஆபரேட்டர் அறை வரைக்கும் போய்ச் சண்டை பிடித்தார். பக்கத்தில் நின்ற அங்காளம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். “அஞ்சுவாட்டி பாத்தவன் சொல்றேன்னு மாரைத் தட்டினேன்பா. அஞ்சுவாட்டியும் முதுகுப் பக்கம் பாத்தேன்னு ஆருக்குத் தெரியும்?” என்று சொல்லிவிட்டு அவரே முதலில் சிரிப்பார்.

முதல் வகுப்புக்காரர்களின் மாடியில் நடக்கும் எண் விளையாட்டிலும் அவர் கலந்துகொள்வதுண்டு. அதற்குச் சீட்டு வாங்க வேண்டும். இவர் வாங்க மாட்டார். ஒரு காகிதத்தில் தானே கட்டம் போட்டு எண்களை எழுதிக்கொண்டு, ஒலிபெருக்கியில் அவர்கள் கூவுவதைக் கீழே இருந்து கேட்டு அடித்துக்கொண்டே வருவார். மூன்று தடவை அவருக்கு முழுக் கட்டமும் விழுந்தது. “பரிசு இன்னா குடுத்தாங்க?” என்று யாராவது கேட்பார்கள். பக்கத்துப் பாய்க்காரர் ஒரு பீடி கொடுத்தார் என்பார்.

அவர் வாழ்க்கையின் பெரிய சலுகை ஏழாவது பயணத்தில் வந்தது. அங்காளம்மாள் ஆவக்காய் ஊறுகாய் போட்டு, ஜாடியின் வாயைத் துணியால் கட்டி, துணியில் மையால் அவர் பெயரை எழுதிக் கொடுத்திருந்தாள். மேல்தளத்து வெயிலில் ஊறுகாய் கெட்டுவிடும் என்று இவருக்குப் பயம். யாரும் பார்க்காத நேரத்தில் மாடிப்படி ஏறி, முதல் வகுப்புக்காரர்களின் கூடத்தில் கதவுக்குப் பின்னால் குளுகுளு என்றிருந்த மூலையில் ஜாடியை வைத்துவிட்டு வந்தார். நாலாம் நாள் ஒலிபெருக்கி அவர் பெயரைச் சொல்லி மேலே வரும்படி அழைத்தது. இது ஏழாவது பயணம் என்று எப்படியோ கண்டுபிடித்துவிட்டார்கள், காப்டன் கை கொடுக்கப் போகிறார் என்று அவர் நம்பினார். பக்கத்துப் பாய்க்காரரிடம் கோட்டு இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு போனார். அங்கே ஜாடி உருண்டு உடைந்து, மூன்று முழ நீளத்துக்குக் கம்பளத்தில் சிவப்பு எண்ணெய் ஓடியிருந்தது. தொப்பி வைத்த பெரிய ஆபீசர் ஒருவர், பெயர் எழுதிய துணியை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இது உன்னுடையதா என்று கேட்டார்.

“ஊறுகா என்னுது சார். அலை உங்களுது” என்று செங்கல்வராயன் சொன்னாராம். சொன்னாரா, மனதுக்குள் நினைத்தாரா என்று துளசிராமன் ஒவ்வொரு தடவையும் கேட்பார். ஒவ்வொரு தடவையும் பதில் மாறும். ஆனால் கோட்டைக் கழற்றாமல் மாலை வரைக்கும் சோப்புப் போட்டுக் கம்பளத்தைத் தேய்த்தது மாறாது. அப்போது சாப்பாட்டு நேரம் வந்தது. கடல் கொந்தளித்தது. பரிமாறுகிறவர்கள் மேஜை விரிப்புகளில் தண்ணீர் தெளித்து ஈரமாக்கியதையும், அதன் மேல் வைத்த பீங்கான் தட்டு ஒன்றுகூட நகராததையும் முழங்காலில் இருந்தபடியே பார்த்தார். அன்றைக்குப் பிடித்துக்கொண்ட பழக்கம்தான் இந்த ஈரத் துண்டு.

வீட்டிலும் தனக்கு ஒரு சலுகை இருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அங்காளம்மாளும் பதினோரு வயது மகள் சந்திரகலாவும் நசுங்கிப் போன அலுமினிய டம்ளரில் தண்ணீர் குடிப்பார்கள். அவருக்கு மட்டும் கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் டம்ளர். சந்திரகலா அதைப் புளி போட்டு விளக்கி, அலமாரி மேல்தட்டில் கவிழ்த்து வைத்திருப்பாள். அவர் உட்கார்ந்ததும் நிறைய மொண்டு கொண்டுவந்து, சத்தம் வராமல் வைத்துவிட்டு நகர்ந்துகொள்வாள். முதல் வகுப்பு உபசாரம் என்று அவர் டீக்கடையில் பெருமை அடித்துக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை துளசிராமன் வீட்டுக்கு வந்தார். சந்திரகலா உள்ளே போய் அம்மாவிடம் கிசுகிசுத்தது கூடத்துக்குக் கேட்டது. “ரெண்டு பேரு வந்து உக்காந்துகினு கீறாங்க. வர்றவங்க டம்ளரு ஒண்ணுதானேம்மா கீது?”

மறுநாள் செங்கல்வராயன் அதையும் பெஞ்சில் தமாஷாகச் சொல்ல ஆரம்பித்தார். பாதியில் நிறுத்திவிட்டு, ரயில் வந்துவிட்டதா என்று எட்டிப் பார்த்தார். அவர் போக வேண்டிய ரயில் எதுவும் இல்லை.

கப்பல் புறப்பட இருந்த அந்த வாரம்தான் துளசிராமன் அவரை லாரியில் ஏற்றிக்கொண்டு எளாவூர் வரைக்கும் போனார். வழியில் கும்மிடிப்பூண்டியில் புதிதாக வந்திருந்த ஓர் இரும்புப் பட்டறையின் கேன்டீனில் சாப்பிட நுழைந்தார்கள். கரி படிந்த சட்டையோடு முந்நூறு பேர் வரிசையில் நின்றார்கள். பரிமாற இரண்டே பேர். அரை மணியில் சங்கு ஊதிவிடும். செங்கல்வராயன் உட்கார்ந்து தட்டைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார். எழுந்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சாம்பார் வாளியைத் தூக்கினார். சங்கு ஊதும்போது முந்நூறு பேரும் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். கேன்டீனைக் குத்தகைக்கு எடுத்திருந்த மோசஸ் ஓரமாக நின்று எல்லாவற்றையும் பார்த்தார். “பரிமாறுறவங்களுக்குத் தலைவனா வந்துடறியா? வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லு, இல்லாட்டி வேற ஆளு பாத்துக்கறேன்” என்றார். சம்பளம் பினாங்கில் கிடைப்பதில் பாதிகூட வராது. காலை முதல் பஸ்ஸில் போனால் பொழுது சாயும்போது வீட்டுக்குத் திரும்பிவிடலாம்.

“சாப்டப் போன எடத்துல ஊருக்கே போட்டுட்டு நான் பட்டினியா வந்தேன்” என்று வீட்டில் அதைக் கதையாகச் சொன்னார். சந்திரகலா லேசாகச் சிரித்தாள். அங்காளம்மாள் சிரிக்கவில்லை.

“வேலை கெடச்சிதா, இல்ல தமாஷ் கெடச்சிதா?” என்று கேட்டாள்.

செங்கல்வராயன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனார். அவள் போகச் சொல்லவும் இல்லை, இருக்கச் சொல்லவும் இல்லை. வியாழக்கிழமை ஆவக்காயைத் தகர டப்பாவில் அடைத்து, மூடியைச் சுற்றி மெழுகு வைத்துப் பெட்டியின் மேல் வைத்தாள். இந்தத் தடவை உருண்டாலும் உடையாது என்று மட்டும் சொன்னாள். அவர் பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டி வாசல் பக்கம் வைத்தார். டிக்கெட்டைச் சட்டைப் பையில் வைத்தார். ராத்திரி பெட்டியில் தலை வைத்து, கப்பலில் கிடைக்கும் ஒற்றைப் பாய் அளவு இடத்திலேயே, கையைக் காலை நீட்டாமல் படுத்தார்.

வெள்ளிக்கிழமை பத்து மணி ரயிலில் அவர் மெட்ராஸ் போக வேண்டும். வழியனுப்பச் சந்திரகலா பள்ளிக்கூடம் போகாமல் வீட்டில் இருந்தாள். காலையிலேயே சட்டை மாட்டிக்கொண்டு வெளியே போன செங்கல்வராயன், ரயில் போன சத்தம் கேட்டு நீண்ட நேரம் கழித்துத்தான் வந்தார். கும்மிடிப்பூண்டிப் பக்கம் லோடு ஏற்றிக்கொண்டு போகும் துளசிராமனைப் பிடித்து, மோசஸிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடச் சொல்லி அனுப்பினாராம். அதைக்கூட ஒழுங்காகச் சொல்லவில்லை. “வாந்தி எடுக்கறவனுக்குப் பஸ்ஸுதான் தோதுன்னு சொல்லிட்டேன்” என்றார்.  அங்காளம்மாள் உலை வைக்கப் போனாள்.

சாப்பாட்டு வேளையில் அவர் வழக்கம்போலத் துண்டை நனைத்தார், பிழிந்தார், மடித்து விரித்தார். தட்டை வைத்து விரலால் தள்ளிப் பார்த்தார். நகரவில்லை. அங்காளம்மாள் சோறு போட்டாள். சந்திரகலா எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து சத்தமில்லாமல் வைத்தாள்.

செங்கல்வராயன் அந்தத் தண்ணீரை ஊற்றிக் கை கழுவினார். எழுந்து போய் டம்ளரைத் துடைத்து, அலமாரி மேல்தட்டில் கவிழ்த்தார். பானையின் மூடி மேல் இருந்த அலுமினிய டம்ளரை எடுத்தார்.

“அது நாங்க குடிக்கறது” என்றாள் சந்திரகலா.

“தெரியும்” என்று சொல்லிவிட்டு, நசுங்கிய பக்கத்தை வெளியே திருப்பிப் பிடித்துக்கொண்டு, அவர் பானைக்குள் கையை விட்டு மொண்டார்.