பேதிக்கு மருந்து

நான் சென்னையில் படித்து பி.ஏ. பட்டம் பெற்றவன். இங்கே சொல்லப்போகும் நிகழ்ச்சி நடந்தபோது ஆம்பூரில், பாலாற்றங்கரைத் தோல் ஆலை ஒன்றின் நிர்வாகியாக இருந்தேன். முதலாளி உருதுவில் சொல்வதை ஆங்கிலக் கடிதமாக்கிக் கப்பல் கம்பெனிகளுக்கு அனுப்புவது என் பொறுப்பு. தாசில்தார் ஊருக்கு வந்தால் எனக்கும் நாற்காலி போடச் சொல்வார். இதைத் தற்பெருமைக்காக எழுதவில்லை. பின்னால் என்னைப் பற்றிப் பரவிய கதையை எடைபோடுகிறவர்கள், நான் எந்த நிலையில் இருந்தவன் என்பதை முதலில் அறிய வேண்டும்.

யுத்தம் முடிந்து சில ஆண்டுகள் கழித்து வந்த ஒரு கோடை. ஆறு வறண்டு, ஊற்றுநீர் கலங்கிய மாதங்களில் வயிற்றுப்போக்கு வீட்டுக்கு வீடு இருந்தது. அதற்கு யாரும் டாக்டரைத் தேடவில்லை. மாதுளம்பழ ஓட்டை இடித்து மோரில் கொதிக்க வைத்துக் கொடுப்பார்கள். முஸ்லிம் வீடுகளில் இசப்கோல் விதையைத் தயிரில் ஊற வைப்பார்கள். வறுத்த அரிசிக் கஞ்சியில் உப்பிட்டுக் குடிப்பது எல்லா வீட்டுக்கும் பொது. எங்கள் தொழிலாளர்கள், தோல் பதனிடுவதற்கென்று குவித்திருந்த ஆவாரம்பட்டையிலேயே ஒரு துண்டை எடுத்துப்போய்க் கஷாயம் வைப்பார்கள். நான் தடுத்ததில்லை.

இன்னொரு வழக்கமும் இருந்தது. சில மாதங்களுக்கு ஒருமுறை, வியாழன் மாலை நாட்டு மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி விழுங்கி, ஆலைக்கு விடுமுறையான வெள்ளிக்கிழமை முழுவதும் வயிற்றைக் கழுவிக்கொள்வார்கள். இதற்கும் அவர்கள் சொல்லும் பெயர் ‘பேதிக்கு மருந்து’தான். போவதை நிறுத்தவும் அதே சொல், போக வைக்கவும் அதே சொல். கேட்கிறவன் முகத்தையும் கிழமையையும் பார்த்துத்தான் கடைக்காரர் மருந்தைத் தீர்மானிப்பார்.

ஒரு வியாழக்கிழமை, எங்கள் சுண்ணாம்புத் தொட்டி மேஸ்திரிக்குக் காலையிலிருந்தே கடுமையான வயிற்றுப்போக்கு. அவர் மனைவி கஞ்சி காய்ச்சிக்கொண்டிருக்க, அவளுடைய தம்பி மாலையில் நாட்டு மருந்துக் கடைக்கு ஓடினான். எங்கள் ஆலையில் தோலின் சதை சீவுகிறவன். முரடன், ஆனால் மாமன்மேல் உயிரையே வைத்திருந்தவன். கடையில் நடந்த பேச்சைப் பின்னர் அவனும் கடைக்காரரும் ஒரே மாதிரிதான் என்னிடம் சொன்னார்கள்.

“பேதிக்கு மருந்து குடுங்க. பெரியாளுக்கு.”

“லேசா வேணுமா?”

“லேசு எல்லாம் வாணாம். நல்லா கேக்குற மாதிரி குடு.”

கடைக்காரர் நேர்வாள மாத்திரையைக் கொடுத்தார். போக வைக்கும் மாத்திரைகளில் எருமை போன்றவனையும் புரட்டிவிடுவது அது.

மறுநாள் நடுப்பகலுக்குள் மேஸ்திரியின் கண்கள் குழிக்குள் போய்விட்டன. கை கால்கள் இழுத்துக்கொண்டன. கடைக்காரன் விஷம் வைத்துவிட்டான் என்ற பேச்சு தெருவில் கிளம்பியதும், விடுமுறையில் சும்மாயிருந்த கூட்டம் திரண்டது. கடையின் ஜாடிகளைத் தெருவில் போட்டு உடைத்தார்கள். கடைக்காரரின் வாயில் எடைக்கல்லால் இடித்தார்கள். தராசுச் சங்கிலியைக் கழுத்தில் மாட்டி இழுத்தபோது அது அறுந்ததால்தான் அவர் பிழைத்து ஓடினார். சனிக்கிழமைத் தபாலுக்காக நான் ஆலை அலுவலகத்தில் தனியே எழுதிக்கொண்டிருந்தேன். வாயெல்லாம் ரத்தமாக அவர் உள்ளே வந்து விழுந்தார். உள்ளே தாழிட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டு, கதவை வெளியிலிருந்து இழுத்து மூடி அதன் முன்னால் நின்றேன்.

சதை சீவும் கத்தியுடன் மேஸ்திரியின் மைத்துனன் முன்னால் வந்தான். இரு கைகளாலும் பிடிக்கும் வளைந்த கத்தி அது.

“நவுருங்க ஐயா. உங்க மேல எங்களுக்குக் கோவம் இல்ல.”

அவன் கடையில் என்ன கேட்டான் என்று சொல்லச் சொன்னேன். சொன்னான். கேட்டதைத்தான் அவர் கொடுத்திருக்கிறார், அந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு என்று நிதானமாக விளக்கினேன். கூட்டம் ஒரு கணம் அடங்கியது. அத்துடன் கலைந்திருக்கும். ஆனால் பின்னாலிருந்து ஒருவன் சிரித்துவிட்டான்.

“அப்ப நீதான் கேட்டு வாங்கியாந்து ஊட்னியா? மாமன மேல அனுப்பிட்டு இங்க வந்து இன்னாடா வீரம்?”

அந்தச் சிரிப்புக்கான அடி எனக்கு விழுந்தது. கத்தியின் முதுகுப்பக்கம் தோளில் இறங்கியது. காறை எலும்பு முறியும் ஓசை எனக்கே கேட்டது. சுவரில் சாய்ந்தேனே தவிர, கதவை விட்டு விலகவில்லை. அதற்குள் நான்கைந்து பேர் கூரையில் ஏறி ஓடுகளைப் பிடுங்கி எறிந்தார்கள். அவர்கள் உள்ளே குதித்த சத்தமும், கடைக்காரருடைய வலது கையை முறித்தபோது அவர் அலறிய அலறலும் என் முதுகுக்குப் பின்னால் கேட்டன. பிறகு தாழ் உள்ளிருந்து திறந்தது. என்னைத் தள்ளிக்கொண்டு அவரை வெளியே இழுத்துப் போனார்கள்.

தோல்களைப் போட்டு மயிர் கழற்றும் சுண்ணாம்புத் தொட்டிக்குத்தான் இழுத்தார்கள். மாமன் செத்தால் இவனும் அதிலேயே வெந்து சாகட்டும் என்று மைத்துனன் கத்தினான். முழங்கால்வரை அவரை உள்ளே இறக்கிவிட்டார்கள். தொட்டிச் சுவரின் விளிம்பை இடது கையால் பிடித்திருந்தார். அந்த விரல்களை ஒருவன் மிதித்துக்கொண்டிருந்தான்.

அப்போது மேஸ்திரியின் மனைவி வந்தாள். இரவெல்லாம் உப்பிட்ட கஞ்சித் தண்ணீரையும் மாதுளை ஓட்டு மோரையும் கரண்டி கரண்டியாகக் கணவன் வாயில் ஊற்றிக்கொண்டிருந்தவள். தொட்டியை அவள் திரும்பியும் பார்க்கவில்லை. தம்பியிடம் மட்டும் பேசினாள்.

“உன் மாமா கஞ்சி கேக்குறாரு. வூட்ல உப்பு தீந்துபோச்சு. வாங்கினு வா.”

அவன் கையிலிருந்து கத்தி விழுந்தது. “பேசுறாரா?” என்று கேட்டான்.

“பேசுனதாலதான சொல்றேன். போடா.”

அவன் போனான். அவனே போனபின் மற்றவர்களுக்கு அங்கே வேலை இல்லை. இருவரை நிறுத்தி, கடைக்காரரைத் தூக்கி, கிணற்று நீரைக் குடம் குடமாகக் கால்களில் ஊற்றச் செய்தேன். தோல் ஏற்கனவே வெந்து உரிந்திருந்தது. அவர் உயிர் பிழைத்தார். ஆனால் வலது கையால் மறுபடி தராசைப் பிடிக்க முடியவில்லை. கடையை மூடிவிட்டு ஆற்காட்டுப் பக்கம் போய்விட்டார். மேஸ்திரி தேறி வேலைக்கு வந்தார். என் இடது தோள் இன்றும் தாழ்ந்தே நிற்கிறது.

அடிக்குப் பயந்து நான் பின்கதவைத் திறந்து கடைக்காரரை ஒப்படைத்துவிட்டேன் என்று, என்னைப் பிடிக்காத சிலர் இந்த ஊரில் சொல்லிவருகிறார்கள். அந்த அலுவலக அறைக்குப் பின்கதவு கிடையாது.