கத்தரிக்கோல் போதும் என்றாள் தேவயானி

வேலூரில் பிரிண்டர் விற்கும் கடைக்குத் தேவயானி ஒரு சின்ன பாட்டிலில் தேன் எடுத்துப் போயிருந்தாள். மேசைமேல் மூன்று ஸ்டிக்கர்கள் கிடந்தன. படம் ஒன்றுதான், மூன்று விதமான மிஷினில் அச்சடித்தவை. ஒவ்வொன்றின்மேலும் ஒரு சொட்டுத் தேன் விட்டு, சற்றுப் பொறுத்து, ஈரத் துணியால் துடைத்தாள். முதல் ஸ்டிக்கரின் சிவப்பு துணியோடு வந்துவிட்டது. மற்ற இரண்டும் தாங்கின.

"கடைய இழுத்து மூட வெக்கவே வந்தீங்களாக்கா?" என்றான் விற்பனையில் இருந்த பார்த்திபன்.

"தேன் பாட்டில்ல ஒட்டறதுப்பா. பிசுபிசுன்னு கையி படும், தண்ணி படும். இந்த ரெண்டுல எது?"

"இது லேசர். இது பிக்மென்ட் இங்க், தண்ணியில கரையாது. லேசர் சூடாவும்போது கரண்ட்ட நல்லா இழுக்கும். உங்க மலையில வோல்டேஜ் எப்படி?"

"சாயங்காலம் ஆனா லைட்டே தூங்கி வழியும்."

"அப்ப பிக்மென்ட்தான்."

அது முடிவானது. அடுத்து அவன் கட்டிங் மிஷினைக் காட்டினான். தாளின் மூலைகளில் அச்சாகியிருந்த கருப்புக் குறிகளை மிஷின் தானே தேடிப் பார்த்துக்கொண்டது. பிறகு சின்ன பிளேடு ஒன்று இறங்கி, நீள்வட்டம் நீள்வட்டமாகச் சுற்றி வந்தது. ஸ்டிக்கர் அறுபட்டது, அதற்கு அடியிலிருந்த தாள் கிழியவில்லை. தேவயானி ஒன்றை உரித்துப் பார்த்தாள். ஓரம் வழவழவென்றிருந்தது.

"நல்லாத்தான் இருக்குது. ஆனா வேணாம். கத்தரிக்கோல் போதும்."

"இன்னாக்கா நீங்க, கார வாங்கிட்டு மாடு கட்டி இழுக்கறேன்றீங்க."

அவள் சிரித்தாள், காரணம் சொல்லவில்லை. காரணம் கட்டிங் மிஷினின் விலையில் இல்லை. மதிய நேரத்தில் இருந்தது.

தேவயானிக்கு நாற்பத்தொரு வயது. சிறு வயதிலேயே மலையிலிருந்து இறங்கி, வேலூரில் ஒரு ஸ்டிக்கர் கடையில் வேலைக்குச் சேர்ந்தவள். கல்யாணம் ஒன்று பேசி, அது நின்று போனது. பிறகு யாரும் பேசவில்லை. அப்பா கோபால்சாமி படுக்கையில் விழுந்தபோது அவரைப் பார்த்துக்கொள்ள ஜமுனாமரத்தூருக்கு அப்பாலுள்ள தன் ஊருக்குத் திரும்பினாள். அவர் போன பிறகும் அங்கேயே தங்கிவிட்டாள். தெரிந்த தொழில் ஒன்றுதான். தேனும் சாமையும் பாக்கெட் போட்டு விற்கும் குழு ஒன்றை அன்பரசன் என்பவர் நடத்திவந்தார். அவருக்கு லேபிள் செய்து கொடுக்க ஆரம்பித்தாள்.

கணியம்பாடி வழியாகப் பஸ்ஸில் மலையிறங்கி, வேலூரில் அச்சடித்து வருவாள். வெட்டுவது வீட்டில். அதற்குப் பக்கத்து வீட்டுக் கலைவாணியும், எதிர்ச் சரிவில் இருக்கும் குப்பம்மாளும் மதியச் சோறு முடிந்ததும் வருவார்கள். மூவரும் கால் நீட்டி உட்கார்ந்து வெட்டுவார்கள். தாளுக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்த்து, அவர்கள் எழுந்திருக்கும் முன் தேவயானி கையில் கொடுத்துவிடுவாள். நகரத்தில் அவளுக்கும் அப்படித்தான் கொடுத்தார்கள்.

ஒரு நாளில் அவள் வீட்டில் மனிதக் குரல் கேட்பது அந்த நேரத்தில்தான். மற்ற நேரங்களில் ரேடியோ பேசும். வெட்டும் வேலை மிஷினுக்குப் போனால் அந்த இருவரும் எதற்கு வரப்போகிறார்கள்?

ஆனால் அன்பரசன் புதிதாக வாங்கிய தேன் பாட்டில்களுக்கு நீள்வட்ட லேபிள்தான் பொருந்தியது. கத்தரிக்கோலுக்கு நீள்வட்டம் வசப்படவில்லை. "ஒண்ணு கோழி முட்டை, ஒண்ணு காடை முட்டையா இருக்குதுங்க," என்று பாட்டில்களை வரிசையாக நிறுத்திக் காட்டினார் அவர். "அடுத்த தடவையும் இப்படி வந்தா நான் கீழ வேலூர்லயே லேபிள் வேலைய குடுத்துடுவேன். தப்பா நினைக்காதீங்க."

இதெல்லாம் தெரிந்தும் அவள் பிரிண்டரை மட்டும் வாங்கிக்கொண்டு மலையேறினாள்.

மறுநாள் காலையே அச்சடித்தாள். தாள்களை ஆற வைத்து, மூன்று கத்தரிக்கோல்களையும் துடைத்து எடுத்து வைத்தாள். பாய் விரித்தாள். மதியம் யாரும் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. ஒற்றை ஆளாக வெட்டியதில் கட்டைவிரலில் கொப்புளம் எழும்பியது. மூன்றாம் நாள் வெயில் சாய்வதற்குள் கலைவாணி வீட்டுக்குப் போனாள். கதவு சாத்தியிருந்தது. எதிர்ச் சரிவிலிருந்து பேச்சும் சிரிப்பும் கேட்டன.

குப்பம்மாள் வீட்டு வாசலில் ஏழெட்டுப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து புளி உடைத்துக்கொண்டிருந்தார்கள். ஓடு ஒரு பக்கம், கொட்டை ஒரு பக்கம். கலைவாணியும் நடுவில் இருந்தாள்.

"வாக்கா," என்றாள் கலைவாணி. "மிஷின் வந்துடுச்சாமே. பஸ்ல ஏத்தி எறக்கினத ஊரே பாத்துச்சி."

"வந்துச்சி. நீங்கதான் வரல."

"மிஷின் வந்தப்பறம் நாங்க எதுக்கு?"

"அது அச்சடிக்கிற மிஷினு. வெட்டற மிஷின் நான் வாங்கல. நீங்க வருவீங்கன்னுதான் வாங்கல."

கலைவாணி குப்பம்மாளைப் பார்த்தாள்.

"அடிப்பாவி," என்றாள் குப்பம்மாள், கையிலிருந்த புளியைக் கீழே வைக்காமல். "எங்க வெரலு போச்சேன்னு இவகிட்ட நானு பொலம்பாத நாளு இல்ல. பொணம் விழுந்த வூட்ல ஒத்தையா கெடக்குறியேன்னு வந்துக்கினு இருந்தோம். மிஷினு வருதுன்னதும், சரி, அதுக்கு ஒரு வழி பொறந்துச்சின்னு வுட்டோம்."

"சொல்லியிருக்கலாமே சின்னம்மா."

"இன்னான்னு சொல்றது? எழுந்துக்கறதுக்குள்ள எண்ணி கையில வெச்சிடுற. அதோட அன்னிக்கி முடிஞ்சிது. இவ வூட்டுக் களத்துக்கு நான் போறேன், என் புளிக்கு இவ வர்றா. யாரு யாருக்குக் கூலி குடுத்தா? நீ ஒரு நாளு வந்தியா எங்க வூட்டு வேலைக்கு?"

"நீங்க கூப்பிடல."

"கூலி குடுக்கறவள எப்பிடிடி கூப்பிடறது?"

குரலில் கோபம் இல்லை. சந்தையில் ஒரு பொருளின் எடையைச் சொல்வதுபோலச் சொன்னாள். தேவயானிக்கு நின்றுகொண்டிருக்கக் கூச்சமாக இருந்தது. உட்காரவும் கூச்சமாக இருந்தது. கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, பிரிண்டரை அணைக்காமல் வந்துவிட்டதாகச் சொல்லிக் கிளம்பினாள்.

வீட்டுக்கு வந்து பார்த்திபனுக்குப் போன் செய்தாள்.

"மாட்ட அவுத்துட்டீங்களா அக்கா?" என்றான் அவன்.

"அவுந்துக்கினு போயிடுச்சி. தாள தானா இழுத்து வெட்டற மிஷின் ஒண்ணு காட்டினியே, அத அனுப்பு."

கட்டிங் மிஷின் பஸ்ஸின் பின்சீட்டில் வந்து சேர்ந்தது. பிளேடு எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும் என்று பிடிபடும்வரை சில தாள்கள் வீணாயின. பிறகு வேலை ஓடியது. ஒரு வாரம் இழுத்த வெட்டு வேலை இப்போது ஒரே காலையில் முடிந்தது. அன்பரசன் லேபிள்களை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, அடுத்த ஆர்டரையும் அங்கேயே சொன்னார். தொழில் தப்பித்தது. மதியம் காலியானது.

அந்த முதல் காலி மதியத்தில் அவள் மிஷினை அணைத்து, துணி போட்டு மூடி, எதிர்ச் சரிவுக்கு ஏறினாள். யாரும் கூப்பிடவில்லை. வட்டத்தில் ஓர் இடைவெளி பார்த்து உட்கார்ந்து, ஒரு கை புளியை முன்னால் இழுத்துக்கொண்டாள்.

"பாத்துக்கா, கொட்டையோட சேத்து வெரலயும் எடுத்துடப் போற," என்றாள் கலைவாணி. எல்லோரும் சிரித்தார்கள். பிறகு விட்ட இடத்திலிருந்து பேச்சு தொடர்ந்தது. யாரோ ஒருத்தி பிறந்தகத்துக்குப் போனது பற்றி, அவளைக் கூட்டிவரப் போன மாமியார் பற்றி. பெயர்கள் எதுவும் தேவயானிக்குத் தெரியவில்லை. கேட்டால் பேச்சு நின்றுவிடும் என்று கேட்காமல் இருந்தாள். நகக்கண்ணில் புளி ஏறி எரிந்தது.

இருட்டத் தொடங்கியதும் குப்பம்மாள் புளியைக் கூடையில் அள்ளினாள். "ஒரு நாளு எனக்கு வந்திருக்க. நான் உனக்கு ஒரு நாளு வரணும். இன்னா வேலைக்கு வர்றது சொல்லு. வெட்டறதுக்குத்தான் இப்ப மிஷினு இருக்குதே."

தேவயானி யோசித்தாள். "சொல்றேன் சின்னம்மா," என்றாள்.

வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டு ஒவ்வொரு இடமாகப் பார்த்தாள். ஒரு குடம் தண்ணீர். ஒரு தட்டு, ஒரு டம்ளர். கொடியில் ஒருத்தி துணி. துவைப்பதும் பெருக்குவதும் காலையிலேயே முடிந்திருந்தன. இன்னொரு ஆள் வந்து கைகொடுக்க வேண்டிய வேலை என்று அந்த வீட்டில் எதுவுமே இல்லை.

மறுநாள் மதியமும் புளி உடைக்கப் போனாள். குப்பம்மாள் அவளுக்கு வர வேண்டிய நாள் இரண்டானது.